வாசகர் கேள்வி – பதில்: நிறைந்து வாழ்ந்த பாட்டியை எழுதி வைப்பது எப்படி?

நிறைந்த வயதில் மறைந்தவரின் இறுதிச் சடங்கில் பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து, தம் வீட்டு மூத்த பெண்மணியை அண்மையில் இழந்த பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சடங்கைப் பற்றி அன்று; தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவரைப் பற்றித் தங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பதை உணர்ந்து, அதைச் சரிசெய்ய வழி கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் அப்பாயி சென்ற மாதம் காலமானார். நினைவு மலர் அச்சிட முனைந்தபோதுதான் அவர் பிறந்த ஆண்டு யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்பது புலப்பட்டது. காவிரியில் பெருவெள்ளம் வந்த ஆண்டில் பிறந்தவர் என்கிறார் பெரியப்பா. சுக்கில வருடத்து ஐப்பசியில் பிறந்ததாக அப்பாயியே தம்மிடம் சொன்னார் என்கிறார் அத்தை. ஆதார் அட்டையில் 01-01-1927 என்று இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: முதலில் ஆதார் அட்டையை ஒதுக்கி வையுங்கள். பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்கு, அவர்களோ உடன் சென்றவர்களோ சொன்ன உத்தேச வயதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டு, நாளை ஜனவரி முதல் தேதி என்று பதிந்துவிடுவது பரவலாக நடந்திருக்கிறது. எனவே அந்தத் தேதியைக் கண்டவுடனேயே, அது யாரோ ஒருவரின் மதிப்பீடு என்று கொள்வதுதான் பொருத்தம். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழு எண்களில் வயது சொன்னவர்கள் அளவுக்கு மிஞ்சிக் குவிந்திருப்பதை அத்துறையினர் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

அடுத்தது வெள்ளம். காவிரியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில், அதாவது ஆடி மாதத்தில். தமிழ் ஆண்டு ரக்தாட்சி. சுக்கில வருடமோ 1929 ஏப்ரல் நடுவிலிருந்து 1930 ஏப்ரல் நடு வரை. இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. என் கணிப்பில் அத்தையின் சொல்லுக்கே வலு அதிகம். ஆண்டின் பெயரும் மாதமும் சேர்ந்து, சம்பந்தப்பட்டவரின் வாயிலிருந்தே வந்த செய்தி அது. வெள்ளக் கதை அப்படியன்று. தஞ்சைத் தரணியில் அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசாத வீடு இருந்திருக்காது. தாயிடம் கேட்ட கதையை மகள் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல, அவர்கள் அதைத் தங்கள் தாயின் பிறப்போடு இணைத்துக்கொள்வது மிக இயல்பு. ஐப்பசி என்பது உறுதியானால் 1929 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை என்று காலம் குறுகிவிடும்.

ஆயினும் சோதிக்காமல் அச்சிட வேண்டாம். அப்பாயிக்கு உடன்பிறந்த ஆண்கள் உண்டா என்று பாருங்கள். அந்தத் தலைமுறையில் பெண்களுக்குத் தாள் இராது. பள்ளிக்குப் போன தம்பிக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ பணிப் பதிவேடோ இருக்கும். ‘தம்பி எனக்கு மூன்று வயது இளையவன்’ என்று அவர் எப்போதேனும் சொல்லியிருந்தால், தம்பியின் சான்றிதழில் 1932 என்று இருக்கும்போது உங்கள் ஐயம் தீர்ந்துவிடும். (பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர்களே பிறந்த தேதியைத் திருத்தி எழுதிய காலம் அது என்பதால், ஓராண்டு முன்பின் இருந்தால் பதற வேண்டியதில்லை.) ஜாதகம் எழுதும் வழக்கமுள்ள வீடுகளில் பிறந்த வீட்டுப் பெட்டியில் அவருடைய ஓலையோ நோட்டோ கிடக்கலாம். கிறித்தவக் குடும்பங்களில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும், இசுலாமியக் குடும்பங்களில் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டையும் பார்க்கலாம்.

திருமணத்தை வைத்தும் அணுகலாம். பெண்ணுக்குப் பதினான்கு வயது நிறைய வேண்டும் என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று சிறுமிகளுக்கு அவசரமாகத் தாலி கட்டிய வீடுகள் உண்டு. உங்கள் குடும்பத்தில் அப்படியொரு கதை இருந்தால் அது பெரும்பாலும் அப்பாயியின் அக்காள்மாரைப் பற்றியதாக இருக்கும். சுக்கில வருடத்துக் குழந்தை அப்போது தொட்டிலில் இருந்திருக்கும். மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டதையும், 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த புயலையும் அவர் எப்படிச் சொன்னார் என்று உறவினர்களிடம் விசாரியுங்கள். ‘புயலின்போது மூத்தவன் நடந்துகொண்டிருந்தான், அடுத்தது மடியில்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் ஆதார் அட்டையை விட நம்பத் தக்கது. வயதை நிறுவுவது இத்தகைய ஒப்புநோக்கால்தான். உலகில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவராக ஏற்கப்பட்டுள்ள பிரான்சு நாட்டு ழான் கால்மோன் 1875-இல் பிறந்து 1997-இல் 122 வயதில் மறைந்தார். ஆர்ல் நகரத்துப் பிறப்புப் பதிவும் அடுத்தடுத்த கணக்கெடுப்புத் தாள்களும் இருந்தமையால்தான் அதை ஆராய்ந்து ஏற்கவும், சிலர் ஐயப்படவும்கூட முடிந்தது.

மலரில் ‘சுக்கில, ஐப்பசி (1929)’ என்று அச்சிட்டு, எப்படிக் கண்டறிந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நூற்றொன்று என்று போட்டால் கேட்பவர்கள் வியப்பார்கள் என்பது உண்மைதான். தொண்ணூறைத் தாண்டியவருக்கு அந்தக் கூடுதல் வியப்பு தேவையில்லை.

கேள்வி: என் அம்மாயி எண்பது வயது நிறைந்து மூன்றாம் மாதம் மறைந்தார். ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று அஞ்சலித் தாளில் போடலாமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பிறைக்குப் பிறை சராசரியாக 29.53 நாள். ஆயிரம் பிறைக்கு ஏறத்தாழ 29,530 நாள், அதாவது எண்பது ஆண்டும் பத்து மாதமும் ஆகும். கண்டிப்பான கணக்குப்படி ஏழு பிறை குறைகிறது. வழக்கத்தில் எண்பது நிறைவையே ஆயிரம் பிறைக்கு உரியதாகக் கொள்வோரும் உண்டு, தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பாட்டியை எல்லாரும் ‘மேல வீட்டு அம்மா’ என்றே அழைப்பார்கள். சுவரொட்டியில் தாத்தாவின் பெயரைப் போட்டு ‘அவர்களின் மனைவி’ என்று அச்சிட்டுவிட்டார்கள். பாட்டியின் பெயரே அதில் இல்லை. மலரிலாவது பெயர் வர வேண்டும் என்றால், ‘அப்படித்தானே எல்லாருக்கும் தெரியும்’ என்கிறார்கள். நான் வற்புறுத்துவது தவறா?
– ஒரு பேத்தி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தவறே இல்லை, வற்புறுத்துங்கள். உங்கள் கடிதம் பழைய செய்தி ஒன்றை நினைவூட்டுகிறது. விடுதலைக்குப் பின் 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து ‘இன்னாருடைய தாய்’, ‘இன்னாருடைய மனைவி’ என்று மட்டும் பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயரைத் தருவதற்குக் கூடுதல் காலம் கொடுத்தும் தராதவர்கள் நீக்கப்பட்டார்கள். அவ்வாறு நீக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள். அந்த முடிவு அப்போது கடுமையாகத் தோன்றியது, ஆனால் அடுத்த தேர்தலில் பெண்கள் தங்கள் பெயரோடு வந்து சேர அதுவே வழிசெய்தது.

உங்கள் பாட்டி தம் வாழ்நாளில் எத்தனையோ தேர்தல்களில் வாக்களித்திருப்பார். அந்தப் பட்டியலில் இருந்த பெயர் மலரில் இல்லாமல் போகலாமா? பெயரை முதலில் பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே ‘ஊராருக்கு மேல வீட்டு அம்மா’ என்று சேர்த்துவிடுங்கள். இரு தரப்பும் நிறைவடையும். இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியும் அவசரத்தில் எழுத்துப் பிழையோடு சான்றிதழ் வந்துவிடுவது உண்டு. பிழை இருந்தால் பதிவாளரிடம் மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் என்று அலையும்போது அந்த ஓரெழுத்து எவ்வளவு தொல்லை தரும் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

கேள்வி: ஆச்சியைப் பற்றி மலருக்கு நான் எழுதிய முன்னுரையை இணைத்திருக்கிறேன். நாற்பது வயதில், 1961-இல், கணவரை இழந்து, ஏழு பிள்ளைகளையும் ஆளாக்கி, தொண்ணூற்றேழு வயது வரை வாழ்ந்தவர். படித்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: தங்கள் முன்னுரையில் ‘அன்பின் உறைவிடம்’, ‘பொறுமையின் சிகரம்’, ‘குடும்பத்தின் ஆணிவேர்’ என்று மூன்று பக்கங்கள் செல்கின்றன. இவற்றுள் எதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு அனுப்பப்பட்டு மேசையில் அடுக்கியிருக்கும் நினைவு மலர்களில் பாதிக்கு மேல், அட்டைப் படத்தை மாற்றிவிட்டால் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். தங்கள் முன்னுரையும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன். முழுக் கட்டுரையிலும் ஆச்சியைக் காட்டுகிற வாக்கியம், ‘1961-இல் கணவரை இழந்து ஏழு பிள்ளைகளையும் ஆளாக்கினார்’ என்பது ஒன்றே. அதையும் ஒரே மூச்சில் கடந்துவிட்டீர்கள். மலர் முழுவதும் அந்த ஒரு வரியின் விரிவாக அமைந்தால் போதும்.

எப்படி ஆளாக்கினார்? அதைத்தான் விசாரித்து எழுத வேண்டும். நிலம் இருந்ததா, இருந்தால் யார் பெயரில் இருந்தது? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கணவரை இழந்த பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அனுபவிக்கும் உரிமைதான். விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முழு அதிகாரம் இல்லை. ஆச்சியின் கணவர் மறைந்தது 1961-இல் என்பதால், உயில் எதுவும் இல்லாத நிலையில் கணவருடைய பங்கில் பிள்ளைகளுக்குச் சமமாக அவருக்கும் முழு உரிமையுள்ள பங்கு சேர்ந்திருக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்ல, நடைமுறையில் என்ன நடந்தது? பட்டா ஆச்சியின் பெயருக்கு மாறியதா, மூத்த மகன் பெயருக்குப் போனதா, கொழுந்தனார் வைத்துக்கொண்டாரா? பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். ஆச்சி கையெழுத்திட்டிருக்கிறாரா, கைநாட்டு வைத்திருக்கிறாரா என்பதையும், முதலில் கைநாட்டாக இருந்தது பின்னர் கையெழுத்தாக மாறியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி மாறியிருந்தால், நடுவயதில் எந்தப் பிள்ளையின் சிலேட்டில் அவர் எழுதப் பழகினார் என்று கேட்டறிவது தங்கள் மலரின் மிகச் சிறந்த பக்கமாக அமையும்.

பிறகு, வரவு செலவு. ஏழு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளமும் துணியும் எங்கிருந்து வந்தன? பால் விற்றாரா, மாடு வளர்த்தாரா, நெல் அவித்துக் குத்திக் கொடுத்தாரா, வட்டிக்குக் கொடுத்தாரா, சீட்டுப் பிடித்தாரா? அரிசிப் பானைக்குள்ளோ சேலை மடிப்புக்குள்ளோ அவர் சேர்த்த சிறுவாட்டைப் பற்றித் தங்கள் சித்திமார்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். குடும்பத்து ஆண்களுக்குத் தெரிந்திருக்காது. மொய் நோட்டுகள் இருந்தால் பாதுகாத்து வையுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரார், எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும் அந்தத் தாள்களிலிருந்து, கணவர் மறைந்த பிறகும் எந்தெந்த வீடுகள் ஆச்சியோடு கொள்வினை கொடுப்பினையை விடாமல் வைத்திருந்தன, எவை மெல்ல விலகின என்பதை அறிய முடியும். வேறு எந்த ஆவணமும் அதைச் சொல்லாது.

அன்றாட வேலையையும் விட்டுவிடாதீர்கள். ஊருக்கு ரைஸ் மில் வருமுன் உலக்கை பிடித்த கைகள் அவருடையவை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, மின்சாரம் எந்த ஆண்டு வந்தது, விறகடுப்பை விட அவர் எப்போது ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்ட பிறகும் எந்தக் குழம்பை மட்டும் விறகில் வைத்தார் என்றெல்லாம் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் எத்தனை படி அரிசி உலையில் விழுந்தது என்பதைச் சொன்னாலே அந்த வீட்டின் அளவு தெரிந்துவிடும். ‘விருந்தோம்பலின் இலக்கணம்’ என்ற தொடரை எடுத்துவிடலாம்.

கடைசியாக, மருமகள்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். நாற்பது வயதிலிருந்து ஒரு வீட்டின் சாவிக்கொத்தைக் கையை விட்டு இறக்காத பெண்மணி எல்லாரிடமும் எப்போதும் இனிமையாக இருந்திருக்க முடியாது. கடுமையாக இருந்திருப்பார், சிலருக்கு அநியாயமும் செய்திருக்கலாம். எல்லாவற்றையும் அச்சிட வேண்டும் என்பதில்லை, ஆனால் அவருடைய கோபத்தைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கட்டும். வீட்டுக்கு வெளியே, களத்தில் கூலிக்கு வேலை செய்தவர்களின் பிள்ளைகளிடமும் கேளுங்கள். நெல்லை எப்படி அளந்தார் என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். இவ்வளவையும் பதினாறாம் நாளுக்குள் செய்ய இயலாது. முதலாண்டு நினைவு நாளுக்கு என்று தள்ளி வையுங்கள். அதுவரை முன்னுரை எழுத வேண்டாம்.

கேள்வி: என் பாட்டி பெற்றது ஒன்பது, பிழைத்தது ஆறு. குடும்ப மரப் படத்தில் மற்ற மூவரையும் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மங்கலமான மலரில் அது எதற்கு என்கிறார் மாமா.
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: சேருங்கள். தங்கள் பாட்டி ஒன்பது முறை கருவுற்றுப் பெற்றவர். ஆறு என்று போட்டால் அவருடைய வாழ்வில் சில ஆண்டுகளையே அழித்தது போலாகும்.

1941 முதல் 1950 வரையிலான பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 ஆண்டுகள்தான். எல்லாரும் முப்பத்திரண்டில் இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிறந்த ஓராண்டுக்குள்ளும் ஐந்து வயதுக்குள்ளும் அவ்வளவு குழந்தைகள் மடிந்தமையால் சராசரி அப்படிச் சரிந்தது. அந்த வயதைத் தாண்டியவர்கள் ஓரளவு நீண்ட காலம் வாழ்ந்தார்கள். பெரியம்மை, கழிச்சல், பெயர் தெரியாத காய்ச்சல் என்று எத்தனையோ காரணங்கள். பெரியம்மையின் கடைசி நோயாளியை இந்தியா கண்டது 1975-இல்தான். தொண்ணூறு வயது வரை வாழ்ந்த ஒரு பெண் அத்தனையையும் கடந்து வந்தார் என்பதோடு, அவற்றுக்குத் தம் பிள்ளைகளில் சிலரைக் கொடுத்தும் வந்தார்.

அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘ஆண் குழந்தை, மூன்று மாதம்’ என்று போட்டாலும் போதும். வரிசையைக் கண்டறிய ஒரு குறிப்பு: தங்கள் சித்தப்பா, மாமா வரிசையில் யாருக்கேனும் பிச்சை, குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் இருந்து, சிறு வயதில் மூக்கும் குத்தியிருந்தால், அவருக்கு முன் பிறந்தது தங்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தங்கிய பிள்ளையைக் காலன் கண்ணிலிருந்து மறைக்க வைத்த பெயர்கள் அவை. மாமாவிடம் வாதாட வேண்டாம். பாட்டி அந்த மூவரையும் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேசியிருப்பார்.

கேள்வி: நாங்கள் கூடலூரில் வசிக்கிறோம். அம்மாச்சி இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, 1972-இல் அம்மாவையும் மாமன்மார்களையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்தவர். இரு நாட்டிலும் கொழுந்து பறித்தே வாழ்ந்தார். சொத்தும் இல்லை, பத்திரமும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் எதை வைத்து எழுதுவது?
– ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி மாவட்டம்

பதில்: தங்கள் அம்மாச்சியின் வாழ்க்கைக்குத் தாள் இல்லை என்பது சரியன்று. நிலமுள்ள குடும்பத்துப் பாட்டிகளைக் காட்டிலும் அவரை இரண்டு அரசுகள் அதிகமாகவே எழுதி வைத்திருக்கின்றன. அவர் விரும்பி அது நடக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மாச்சியும் அவர் கணவரும் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தார்கள், ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்பதே தாங்கள் முதலில் கேட்டறிய வேண்டியது. உடன்பிறந்தவர்களில் யாரேனும் அங்கேயே தங்கிவிட்டார்களா? அப்படியானால் 1972-இல் அவர் தலைமன்னாரில் கப்பலேறியபோது பிரிந்தவர்களை மீண்டும் பார்த்தாரா? இராமேசுவரத்துக்கு வந்து இறங்கி, மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், நீலகிரிக்கு எப்படி வந்தார்கள் என்பவற்றை மாமன்மார்களில் மூத்தவர் நினைவில் வைத்திருப்பார். சிறுவர்கள் கப்பலை மறப்பதில்லை.

தாள்கள் என்று பார்த்தால், தாயகம் திரும்புவோருக்கு வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் தேடத் தக்கவை. குடும்ப அட்டையில் உடன் வந்தோர் அனைவரின் பெயரும் வயதும் இருக்கும். ரேஷன், சாதிச் சான்றிதழ், மறுவாழ்வு உதவி என்று எல்லாவற்றுக்கும் அதைக் காட்ட வேண்டியிருந்தமையால் பெரும்பாலான வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. தோட்டத்தின் பெயர், அருகிலிருந்த ஊர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டு எண் ஆகியவை தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயிற்று. அம்மாச்சி அதில் பணியாற்றியிருந்தால் வருங்கால வைப்பு நிதிச் சீட்டும் பணிக்கொடைத் தாளும் இருக்கும். அவற்றில் சேர்ந்த நாளும் ஓய்வுபெற்ற நாளும் உண்டு.

தாள்களுக்கு அப்பால், வேலையைப் பற்றி எழுதுங்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நின்றது, கங்காணியிடம் பெயர் கொடுத்தது, நெற்றியில் கயிறு பதியக் கூடை சுமந்தது, மழை நாளில் இடுப்பில் படங்கு (சாக்குத் துணி) கட்டியது, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு வைத்தது ஆகியவற்றை உங்கள் அம்மாவிடம் சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். இலங்கையில் நாள் ஒன்றுக்கு எத்தனை ராத்தல், இங்கே எத்தனை கிலோ என்று கேளுங்கள். ஒரு கைக்கொழுந்து எத்தனை என்று அவருக்குக் கை சொல்லும். அம்மாச்சியோடு ஒரே நிரையில் நின்று பறித்தவர்கள் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் இன்றும் சிலர் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போவதை அடுத்த மாதத்துக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

கேள்வி: என் பாட்டி தொண்ணூற்று நான்கு வயதில் அமைதியாகப் போனார்; ‘கல்யாணச் சாவு, அழக்கூடாது’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு வயதில் தாய் இறந்துவிட்டார், வளர்த்தவர் பாட்டிதான். எனக்கு அழுகை நிற்கவில்லை. இது முறையற்றதா?
– ஒரு பேத்தி, மதுரை

பதில்: உங்களுக்குப் போனவர் தாய். தாய் போனால் எந்த வயதிலும் அழுவார்கள், அம்மா.

வழக்கத்தைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். நிறைந்த வயதில் போனவருக்குக் கொட்டும் மேளமும் வெடியும் பேரப் பிள்ளைகளின் நெய்ப்பந்தமும் உண்டு என்பது உண்மை. அதே வீட்டின் முற்றத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைத்ததும் உண்டு. வயதானவருக்கு ஒப்பாரி வேண்டாம் என்று நம் கிராமங்கள் சொன்னதில்லை. ஒப்பாரி தெரிந்தவர்களை வெளியூரிலிருந்தும் அழைத்து வந்திருக்கிறார்கள். ‘அழக்கூடாது’ என்று உங்களிடம் சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பாட்டிக்கு ஒப்பாரி வைத்தவர்கள் யார் என்று நினைவிருக்கிறதா? நல்ல ஒப்பாரியில் இறந்தவரின் பிறந்த வீடு, கட்டிக்கொண்டு வந்த சீர், இழந்த பிள்ளைகள், பட்ட பாடு எல்லாம் வரிசையாக வரும். உங்கள் தாய் இறந்த நாளில் பாட்டியே என்ன சொல்லி அழுதார் என்பதும் அவர்களில் யாருக்கேனும் தெரிந்திருக்கலாம். சில மாதம் கழித்து, மனம் ஒப்பும்போது, அவர்களைப் போய்ப் பாருங்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள். ஊருக்கு வெளியே களத்திலோ மரத்தடியிலோ அமர்ந்து கேளுங்கள், அல்லது பாடாமல் சொல்லாகச் சொல்லும்படி வேண்டுங்கள்.

கேள்வி: பாட்டியின் பழைய புகைப்படங்கள் பூஞ்சை பிடித்துள்ளன. அவர் தாலாட்டுப் பாடிய ஒலிநாடா ஒன்றும் இருக்கிறது. எப்படிக் காப்பது?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: படங்களை லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூடும் பசையும் படத்தைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே நிழலான பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோப் படங்களை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம்; ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அந்த அட்டையில்தான் இருக்கும். படத்தில் உள்ளவர்களின் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விடும்.

ஒலிநாடாவை வீட்டில் உள்ள பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாள்பட்ட நாடா உருளையில் சிக்கி அறுந்தால் தாலாட்டு போய்விடும். கணினிக் கோப்பாக மாற்றித் தருபவர்களிடம் கொடுத்து, முதல் முறை ஓடும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். பூஞ்சை இருப்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். கோப்பு வந்ததும் மூன்று வெவ்வேறு வீடுகளில் பிரதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாடாவின் உறையில் யாரேனும் கையால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். பதிவு செய்த ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.